தஞ்சாவூருக்கு ஒரு மூட்டை அரிசி

1

தடால்!

ஆனைக்கரைச் சோதனைச் சாவடியின் மூங்கில் தடுப்பு, கயிறு கை நழுவி, பஸ்ஸின் கூரைமேல் விழுந்தது. உள்ளே கூடையில் இருந்த கோழிகள் அலறின. கண்டக்டர் வெளியே தலையை நீட்டி, காவல்காரர் வீரையனின் பரம்பரையை விசாரிக்க ஆரம்பித்தார். கூரைமேல் ஒரு மூட்டை இருந்தது. மூட்டைக்குள் அரிசி.

இப்படி ஆரம்பித்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்டமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை சாவடியில் பிறக்கவில்லை. ஆசிரியரின் மேஜையில் பிறந்தது.

"மாணவர் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வேணும்," என்றார் அவர். "அந்தக் காலத்துப் பொருளாதார அறிஞர்கள் வெளிநாட்டு வாணிபத்தோட நன்மையை எப்படிப் புரிஞ்சுக்கிட்டாங்க? மூணு பக்கம். எழுதறேன்னு சொன்ன புரொபசருக்கு அம்மை போட்டிருக்கு."

"ஸார், நான் கொலைக்கதை எழுதறவன்."

"ரெண்டும் ஒண்ணுதான்யா. யாருக்கு என்ன லாபம்னு கண்டுபிடிக்கணும், அவ்வளவுதானே?"

1 (பழைய தொடக்கம். அடித்துவிட்டேன். ஆனாலும் படித்து வையுங்கள், பின்னால் உதவும்)

முன்னொரு காலத்தில் ஐரோப்பிய ராஜாக்கள், வாணிபம் என்றால் தங்கம் சேர்ப்பது என்று நினைத்தார்கள். நிறைய விற்கவேண்டும், எதையும் வாங்கக்கூடாது. எல்லா ராஜாவும் விற்பதற்கு மட்டுமே கடை விரித்தால் வாங்க யார் வருவார்கள் என்று வெகுகாலம் ஒருத்தரும் கேட்கவில்லை. பிறகு ஸ்காட்லாந்தில் ஒரு பேராசிரியர்

[சிவப்பு மையில் ஆசிரியர்: பெயர்கள் வேண்டாம். வாசகர் பரீட்சைக்கா உட்கார்ந்திருக்கிறார்?]

ஒரு பேராசிரியர் கேட்டார்: வீட்டில் செய்தால் அதிகம் செலவாகிறதை வெளியே வாங்குகிறவன் புத்திசாலி என்றால், நாட்டுக்கு மட்டும் அது எப்படி முட்டாள்தனம் ஆகும்? நம் ஊர் மேளக்காரர் தன் வீட்டுப் பானையைத் தானே வனைந்துகொண்டா இருக்கிறார்? அவருக்குப் பின்னால், லண்டன் பங்குச் சந்தையில் பணம் பண்ணிய ஒரு கனவான் வந்தார். அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். துணி, திராட்சை மது இரண்டையும் ஒரு நாடு மற்ற நாட்டைவிடச் சுலபமாகச் செய்தால்கூட, இரண்டையும் அதுவே செய்யவேண்டாம். எதில் அதன் கை அதிகம் ஓங்கியிருக்கிறதோ அதைச் செய்துவிட்டு, மற்றதை வாங்கிக்கொண்டால் இரண்டு நாட்டுக்கும் லாபம் என்றார். ஏனென்றால்

இந்த 'ஏனென்றால்' என்ற இடத்தில் என் பேனா நின்றது. இரண்டிலும் கெட்டிக்காரி எதற்காக இன்னொருத்தியிடம் வாங்கவேண்டும்? எனக்கே விளங்கவில்லை. எனக்கு விளங்காத விஷயத்தை ஒரு பெண்மணியின் வாயில் போட்டுவிடுவது என் வழக்கம். தொடர்கதையில் அது எப்போதும் பலிக்கும். அப்படி வந்து சேர்ந்தவர்தான் ராசம்மாள்.

2

ராசம்மாளை நான் வில்லியாகத்தான் எழுத ஆரம்பித்தேன். பெண்ணைக் கட்டிக்கொடுக்க மறுக்கும் தாய். மூக்குத்தி, முறைப்பு, இடுப்பில் ஒரு கை. இரண்டு பக்கம் போனதும் அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். 'என் கதையைக் கேட்டுட்டு அப்புறம் என்னை முறைக்க வை' என்கிற மாதிரி. கேட்டேன்.

திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில், கொள்ளிடத்துப் படுகையை ஒட்டிய ஒரு ஊர். ராசம்மாள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் பண்ணையாட்கள் வீட்டில். அறுவடை முடிந்தால் பண்ணை வாசலில் முந்தானையை விரித்து நிற்கவேண்டும். காரியக்காரர் மனசு வைத்து அளப்பதுதான் கூலி. ஊருக்குள் சிவப்புக் கொடி வந்தது, கட்சிகள் வந்தன, ஆட்சி மாறியது. அவருடைய கணவர் வைரக்கண்ணு பண்ணை நிலத்தில் கொஞ்சம் குத்தகைக்குப் பிடித்தார். ஒரு குறுவை நடவுக்கு முன்னால், நிலத்தைக் காலி செய்யச் சொல்லி ஆட்கள் வந்து நின்றார்கள். ராசம்மாள் நாற்றங்காலில் இறங்கி, சேற்றோடு சேறாக உட்கார்ந்துகொண்டார். "பறிக்கறதா இருந்தா என்னையும் சேர்த்துப் பறிங்கடா!" ஒருத்தனுக்கும் துணிச்சல் வரவில்லை. பிறகு தாசில்தார் விசாரித்து, குத்தகையை வைரக்கண்ணு பெயரில் பதிவு செய்தார்.

அன்றிலிருந்து ராசம்மாள், யார் கையையும் எதிர்பார்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார். நெல், உளுந்து, எள், கத்தரிக்காய், விளக்குமாறு எல்லாம் அவரே. படுகைக் கொல்லையில் நிலக்கடலையும் அவரே. உப்பையும் தீப்பெட்டியையும் மட்டும் கடையில் வாங்கினார். அதையும் கோபத்தோடு வாங்கினார். அந்த ஐரோப்பிய ராஜாக்கள் பார்த்திருந்தால் எழுந்து நின்று கும்பிட்டிருப்பார்கள்.

இப்படிப்பட்டவரை வில்லியாக்க எனக்கு மனம் வரவில்லை. மூக்குத்தியை மட்டும் வைத்துக்கொண்டு முறைப்பை எடுத்துவிட்டேன். (முழுதாக எடுக்க முடியவில்லை. நீங்களே பார்ப்பீர்கள்.)

3

அவருடைய மகள் அம்சம், டைப்ரைட்டிங் படிக்கக் கும்பகோணம் போகிறவள். அதே பஸ்ஸில் தியாகராசன் வருவான். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவில் பிறந்து, கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதார டியூட்டராக இருப்பவன். நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்தில் பெயர் மல்லாட்டை. பஸ்ஸில் ஒரு நாள் அவன் பொட்டலத்தை நீட்டினான். அவள் எடுத்துக்கொண்டாள். காதலைப் பற்றி இதற்குமேல் எழுத இடமில்லை. கட்டுரை மூன்று பக்கம்தான்.

தியாகராசன்மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ரொம்ப நல்லவனாக இருக்கிறான். குறை ஒன்று கொடுக்காவிட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆகவே, வாயைத் திறந்தால் வகுப்பு எடுத்துவிடுவான், 'முதலாவதாக, இரண்டாவதாக' என்று விரல் மடக்குவான் என்று வைத்துக்கொண்டேன். இப்போது கொஞ்சம் மனுஷன் மாதிரி இருக்கிறான்.

அவனும் அவன் தாயார் தங்கம்மாளும் பெண் பார்க்கக் கிளம்பியபோதுதான் அந்த மூட்டைத் தகராறு வந்தது.

"வெறுங்கையோட போகக்கூடாது," என்றார் தங்கம்மாள். "அரிசி எடுத்துக்கிட்டுப் போவோம்."

"ஏம்மா, தஞ்சாவூர் ஜில்லாவுக்கா அரிசி? நம்ம மல்லாட்டையைக் கொண்டு போவோம்மா."

"போடா. அதைத் தூக்கிட்டுப் போனா, மல்லாட்டையைத் தின்னே காலம் தள்ளறவங்கன்னு நெனைப்பாங்க. நாமளும் அரிசிதான் வடிக்கிறோம்னு தெரியட்டும்."

பொருளாதாரம் படித்தவன், நெல் விளையும் ஊருக்கு அரிசி மூட்டையைத் தோளில் சுமந்தான். மூட்டைக்குத் தங்கம்மாள் மஞ்சள் துணியில் புது உறை தைத்துப் போட்டிருந்தார்.

சட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து நெல்லோ அரிசியோ ஜில்லா எல்லை தாண்டிப் போகக்கூடாது என்று தடை இருக்கிற காலம் இது.* கொள்ளிடம்தான் எல்லை. ஆகவே ஆனைக்கரையில் சாவடி, சாவடியில் மூங்கில், மூங்கிலுக்கு வீரையன்.

வீரையன் ஏணி வைத்து ஏறி, மூட்டையைக் குத்திப் பார்த்தார்.

"அரிசியா? இறக்கு கீழே!"

"ஐயா, நாங்க அந்தப் பக்கத்துலேருந்து வரோம்," என்றான் தியாகராசன். "உள்ளே கொண்டு போறோம்."

"உள்ளேயா?" வீரையன் யோசித்தார். வெளியே போகிற அரிசியைப் பிடித்துப் பழகியவர். உள்ளே வருகிற அரிசியை அவர் பார்த்ததே இல்லை. "தஞ்சாவூருக்கா? ஏன், அங்கே தீந்துபோச்சா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. தங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. வீரையன் கீழே இறங்கி, பஸ்ஸுக்கு வழிவிட மூங்கிலைக் கயிற்றால் தூக்கிப் பிடித்தபடி சிரித்த சிரிப்பில்தான் கயிறு கை நழுவி அது விழுந்தது.

(* இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இதற்கு நேர்மாறான சட்டம் இருந்தது. வெளிநாட்டுத் தானியத்தை உள்ளே விடாத சட்டம். தானியம் விலை ஏறும், நிலத்துக் குத்தகை ஏறும், மிராசுதார்களுக்குக் கொண்டாட்டம். நம் பங்குச் சந்தைக் கனவான், தானே பண்ணைகள் வாங்கி வைத்திருந்தும், அதை எதிர்த்தார். நம் ஊர்த் தடை ரேஷன் கடைக்காக. ரேஷன் கார்டு என் வீட்டிலும் இருக்கிறது. ஆகையால் நான் வாயைத் திறக்கப்போவதில்லை.)

4

ராசம்மாள் வீட்டுக் கூடத்து மூலையில் மூட்டையை வைத்தார்கள். பலகாரம் வந்தது. தியாகராசன் எழுந்து நின்றான்.

"அத்தை, நீங்களும் உக்காருங்க."

"அத்தையா?" என்றார் ராசம்மாள். "அதுக்குள்ள எப்படித் தம்பி அத்தை ஆனேன்? வாயில வந்ததெல்லாம் முறையாயிடுமா?"

வைரக்கண்ணு இருமினார். அவருக்குச் சங்கடம் வந்தால் இருமல் வரும்.

"பட்டுன்னு கேட்டுடறேன்மா," என்று ராசம்மாள் தங்கம்மாள் பக்கம் திரும்பினார். "உங்க பக்கத்துல என்ன விளையுது?"

"மல்லாட்டைங்க. கொஞ்சம் கம்பு."

"கடலை நாங்களும்தான் போடறோம். ஒரு செடியைப் புடுங்கினா கை கொள்ளாம காய் வரும். உங்களுது?"

தங்கம்மாளுக்குப் பொய் வராது. "அவ்வளவு இருக்காதுங்க. மானம் பாத்த பூமி."

"நெல்லு?"

"ஏரி நெரம்பினா உண்டு. அதுவும் சொல்லிக்கிற மாதிரி இல்ல."

"அப்ப நெல்லுலயும் எங்க கை ஓங்கியிருக்கு, கடலையிலயும் எங்க கை ஓங்கியிருக்கு. உங்ககிட்டேருந்து எங்களுக்கு என்ன வேணும்? எதுக்கு இந்தச் சம்பந்தம்?"

என் பேனா நின்ற இடம் இதுதான். தியாகராசனைப் பார்த்தேன். அவன் முதல் விரலை மடக்கிவிட்டான்.

"முதலாவதாக, ரெண்டுலயும் உங்க கைதான் ஓங்கியிருக்கு. ஒத்துக்கறேன். ஆனா நெல்லுல எங்களைவிட எத்தனையோ மடங்கு. மல்லாட்டையில கொஞ்சம்தான். இரண்டாவதாக, ஆடியில கடலைக்கு மண் அணைக்கக் கொல்லைக்குப் போயிடறீங்க. அந்த நேரம் உங்க குறுவை வயல்ல என்ன நடக்குது?"

"என்ன நடக்கும்? பயிர் வளரும்."

"கோரையும் வளரும்," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"யாருடி அவ?"

"நான்தாம்மா," என்று அம்சம் கதவுக்குப் பின்னாலிருந்து பாதி முகம் காட்டினாள். "போன ஆடியில நீ கொல்லையே கதின்னு கெடந்த. வடக்கு வயல்ல கோரை மண்டிப்போச்சு. அறுப்புல அந்த மூலை பூராவும் பதர்."

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு ஆத்தாளைக் காட்டிக்கொடுக்கிறியா நீ?"

"அந்த மூலையில போச்சே நெல்லு," என்று தியாகராசன் முன்னால் நகர்ந்தான், "அதுதாங்க உங்க கடலையோட அசல் விலை. சும்மா விளைஞ்சதா நெனைக்கிறீங்க. நெல்லைக் கொடுத்துத்தான் வாங்கியிருக்கீங்க. அதே நெல்லை எங்க பக்கம் கொடுத்திருந்தா ரெண்டு பங்கு மல்லாட்டை வந்திருக்கும். அப்பவும் எங்களுக்கு லாபம்தான், அந்த நெல்லை எங்க மண்ணுல விளைய வைக்கணும்னா அதைவிட அதிக மல்லாட்டையை விடணும். மூன்றாவதாக..."

"மூணாவது வேணாம் தம்பி," என்றார் வைரக்கண்ணு. அவர் இருமவில்லை என்பதைக் கவனித்தேன். "ரெண்டே போதும். நான் இத்தனை வருஷமா இதைச் சொல்லத் தெரியாமதான் இருமிக்கிட்டிருக்கேன்."

எனக்கும் அப்போதுதான் அந்த 'ஏனென்றால்' விளங்கியது. கெட்டிக்காரிக்கும் ஆடி மாதம் ஒன்றுதான், கை இரண்டுதான். கட்டுரை முடிந்துவிட்டது என்று பேனாவை மூடப்போனேன்.

ராசம்மாள் விடவில்லை. குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"நீ சொல்றது சரியாவே இருக்கட்டும் தம்பி. நான் பண்ணை வாசல்ல முந்தானையை விரிச்சு நின்னவ. இனிமே எதுக்காகவும் யார் வாசல்லயும் நிக்கமாட்டேன். எனக்கு வேணுங்கறது என் கொல்லையில விளையணும்."

தியாகராசன் மடக்கிய விரல்களைப் பார்த்தான். அடுத்த விரல் மடங்கவில்லை. பேராசிரியரும் கனவானும் இதற்கு ஒன்றும் எழுதிவைக்கவில்லை. துணிக்கும் மதுவுக்கும் முந்தானை கிடையாது.

நானும் நின்றுபோனேன். சம்பந்தம் அவ்வளவுதான் என்று

5

இந்த இடத்தில் ஓவியர் வந்தார்.

எங்கள் பத்திரிகையில் கதை முடிவதற்கு முன்னால் படம் முடிந்துவிடும். "ஒரு பொண்ணு, ஒரு பஸ், ஒரு மூட்டை" என்று போனில் சொல்லியிருந்தேன். அவர் வரைந்து, அச்சுக்கான பிளாக்கும் செய்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். பார்த்தால், மூட்டையின் உறை கிழிந்து, உள்ளே சாக்கில் பூப்போட்ட ஒரு ஒட்டு!

"இது என்ன ஒட்டு? நான் சொல்லவே இல்லையே?"

"மை கொட்டிடுச்சு ஸார். சும்மா விட்டா அசிங்கமா இருக்கும்னு நாலு பூவைப் போட்டு ஒட்டாக்கிட்டேன். உறை கிழிஞ்ச மாதிரியும் வரைஞ்சுட்டேன். கதையில எங்கேயாவது ஒரு வரி சேர்த்துடுங்க."

கதையில் ஒரு வரி சேர்ப்பது எவ்வளவு சுலபம் என்று நினைக்கிறார்கள் பாருங்கள்! கோபத்தோடு கூடத்துக்குத் திரும்பினேன். மூலையில் மூட்டை. மூங்கில் விழுந்த இடத்தில் மஞ்சள் உறை கிழிந்துதான் இருந்தது. உங்களைப் பிடித்து நிறுத்த நான் முதல் வரியில் போட்ட 'தடால்', எனக்கே தெரியாமல் ஒரு வேலை செய்து வைத்திருந்தது.

6

எச்சில் தட்டுகளை எடுக்கக் குனிந்த ராசம்மாள் மூட்டையைப் பார்த்தார். தட்டுகளைக் கீழே வைத்தார். உறையை இன்னும் கொஞ்சம் கிழித்தார்.

பச்சைத் துணி. வெள்ளைப் பூ. அம்சத்தின் சின்ன வயதுப் பாவாடை. எலி கடித்த சாக்குக்கு அவரே கிழித்து, அவரே தைத்த ஒட்டு.

"இது ஏது உங்களுக்கு?"

தங்கம்மாள் பயந்துவிட்டார். "நல்ல அரிசிதாம்மா. கல்லு, நெல்லு இல்லாம நானே பொடைச்சேன். சைக்கிள்ல ஒருத்தர் கொண்டாந்து கொடுப்பார். ஆத்துல தண்ணி வத்தினா அந்த வழியாத்தான்..." சட்டம் ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சைக்கிள்காரரா? முன் பல்லு ரெண்டு இல்லாதவரா?"

"அவரேதான்."

"கும்பகோணத்துக் கடைக்குன்னுதானே எங்கிட்ட வாங்கிட்டுப் போனாரு! என்ன விலை கொடுத்தீங்க?"

தங்கம்மாள் காதோடு சொன்னார். ராசம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடப்பாவி! எனக்குக் கொடுத்தது அதுல பாதி."

"அப்ப இது உங்க அரிசியா?" தங்கம்மாள் மெல்ல எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "எத்தனை வருஷமா அவர்கிட்ட வாங்கறேன் தெரியுமா? தினமும் ஆகாது, நாள் கிழமைக்குத்தான். இவன் காலேஜ்ல தேறினான்னு தந்தி வந்த அன்னைக்கு இதைத்தான் வடிச்சேன். வேலை கெடைச்ச அன்னைக்கும் இதைத்தான். ஊருக்கே ஒரு உருண்டை கொடுத்தேன்."

ராசம்மாள் தியாகராசனை நிமிர்ந்து பார்த்தார். தன் வயலில் விளைந்த ஒன்றைப் பார்க்கிற பார்வை.

"அவ்வளவு விலை கொடுத்து வாங்க உங்களுக்குக் கூச்சமா இல்லையா?"

"எதுக்கும்மா கூச்சம்? மல்லாட்டை போட்டேன், வித்தேன், அரிசி வாங்கினேன். நான் யார்கிட்டயும் கை நீட்டலையே. பெருமையாத்தான் வடிச்சேன்."

வைரக்கண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சொல்லிடறேன்," என்றார். "நம்ம மாட்டுக்கு வாங்கற பிண்ணாக்கு இருக்குதுல்ல, அது அந்தப் பக்கத்து மல்லாட்டைப் பிண்ணாக்குதான். கறவை ஏறினது அதுலதான்."

"நீங்களுமா!" என்றார் ராசம்மாள். கதவுக்குப் பின்னால் அம்சம் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தங்கம்மாளைத் தொற்றி, ராசம்மாளையும் தொற்றியது. தியாகராசன் மட்டும் பாவம், மூன்றாவது விரலை மடக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தான்.

7

இனி முடிவு. ஆசிரியர் ஒன்று கேட்கிறார், ஓவியர் ஒன்று கேட்கிறார். நீங்களும் ஒன்று வைத்திருப்பீர்கள்.

ஆசிரியர் கேட்பது: அம்சமும் தியாகராசனும் முதல் பஸ்ஸில் ஓடிப்போவது. முடியாது. ஆனைக்கரையில் வீரையன் நிறுத்திச் சோதனை போடுவார், காதல் தாங்காது.

ஓவியர் கேட்பது: கொள்ளிடத்தில் வெள்ளம், தியாகராசன் நீந்தி வருவது. அவருக்கு வெள்ளம் நன்றாக வரும். ஆனால் கதை நடப்பது மழை பொய்த்த ஒரு கார்த்திகையில், நாலு பேர் நடந்தே அரிசி கடத்தும் ஆற்றின் முழங்கால் தண்ணீரில் எப்படி நீந்துவது?

நான் முதலில் யோசித்தது: தடையை எடுத்துவிட்டார்கள், மூங்கிலை வெட்டிப் பந்தக்கால் நட்டார்கள் என்று முடிப்பது. நல்ல படம். ஆனால் அது என் கையில் இல்லை, சென்னைக் கோட்டையில் இருக்கிறது.

அதோடு, தங்கம்மாள் கிளம்பும்போது எழுப்பிய சிக்கல் எல்லா முடிவுகளையும் கெடுத்துவிட்டது. "எங்களுக்குள்ள கல்யாணம் மாப்பிள்ளை வீட்டுலதாம்மா வழக்கம். ஊரே பந்தியில உக்காரும். இந்த விலைக்கு அத்தனை அரிசிக்கு நான் எங்க போவேன்? உங்க வீட்டு அரிசியும் ஆத்தைத் தாண்டக்கூடாது."

நியாயம்தானே? தியாகராசன் ஏதேதோ வழி சொன்னான், ஒன்றும் ஒப்பவில்லை. வைரக்கண்ணு இருமினார். அம்சம் தாயாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ராசம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. கல்யாணத்தை நீங்களே நடத்திக்கொள்ளுங்கள். அழைப்பிதழை எப்படி வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள். பஸ் வரும் சத்தம் கேட்டது. எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். ராசம்மாள் மூட்டையிலிருந்து கழற்றிய மஞ்சள் உறையை மடித்துத் தங்கம்மாள் கையில் கொடுத்துவிட்டு, ஆற்றுப் பக்கம் பார்த்தபடி ஒன்று சொன்னார். நான் கேட்டது அதை மட்டும்தான்.

"அரிசிதானே ஆத்தைத் தாண்டக்கூடாது? தையில உங்க ஊரையே இங்க சாப்பிடக் கூட்டிக்கிட்டு வாங்க சம்பந்தி. வரும்போது மல்லாட்டையை மறந்துடாதீங்க, அடுத்த ஆடியிலேருந்து நான் அதைப் போடப்போறதில்ல."